ஒரு திருத்தம், ஒரு காரணம்

காலையில் எழுந்து பல் துலக்குவேன். குப்பைப் பையைக் கட்டி வாசலில் வைப்பேன். முந்தின நாள் சட்டையை வாளியில் ஊறப்போடுவேன். பால்கனியில் இரண்டு தொட்டிகள் இருக்கின்றன. ஒன்றில் செடி இல்லை, மண் மட்டும்தான். இரண்டுக்கும் தண்ணீர் ஊற்றுவேன். பிறகு என் மனைவியின் லேப்டாப்பைத் திறந்து, அவளுக்கு வந்திருப்பதைப் படிப்பேன். பிறகு குளித்துவிட்டு ஆபீஸ்.

அவள் இறந்துவிட்டாள். காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ரத்தத்தில் கிருமி என்றார்கள். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

லேப்டாப்பில் வருவதெல்லாம் 'சீட்டு' பற்றிய செய்திகள். சீட்டு அவள் எழுதிய மென்பொருள். மருந்து கவுண்டரில் மாத்திரைக் கவர்மேல் ஒரு லேபிள் ஒட்டித் தருவார்களே, எத்தனை, எப்போது, எத்தனை நாள் என்று பெரிய எழுத்தில், அதை அச்சடிப்பது. விலை கொடுத்து வாங்க முடியாத சின்ன ஆஸ்பத்திரிகளுக்காக எழுதினாள். நிரல் முழுவதும் இணையத்தில் திறந்தே கிடக்கும். யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம். குறை கண்டால் திருத்தி அனுப்பலாம். அனுப்பியதைச் சேர்ப்பதா, திருப்புவதா என்பதைச் சாவி வைத்திருப்பவர் முடிவு செய்வார். சாவி அவளிடம் மட்டும்தான் இருந்தது. இப்போது லேப்டாப்புக்குள் இருக்கிறது. பாஸ்வேர்டு எனக்குத் தெரியும்.

நானும் நிரல் எழுதுகிறவன்தான். ஒரு கம்பெனிக்குச் சம்பளக் கணக்கு மென்பொருள். அவளுடைய நிரலைப் படித்தால் புரியும். ஆனால் அச்சு இயந்திரத்தோடு பேசுகிற பகுதியில் கை வைத்தால் எங்கோ ஒன்று உடையும். கை வைத்துப் பார்த்தேன். உடைந்தது. பழையபடி வைத்துவிட்டேன்.

கை வைக்கக் காரணம் இருந்தது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, ஓர் ஆஸ்பத்திரியின் கணக்கிலிருந்து ஒரு செய்தி வந்தது. கணினிகளில் இயங்குதளம் புதிதாக மாறப்போகிறது, மாறிவிட்டால் சீட்டு ஓடாது, லேபிளைக் கையால் எழுத வேண்டிவரும், மேடம் பார்க்க முடியுமா என்று. அவள் கணக்கிலிருந்தே, அவள் பெயரிலேயே, "பார்க்கிறேன்" என்று பதில் போட்டேன். என் பெயரில் புதுக் கணக்கு தொடங்கிப் போட்டிருக்கலாம். தொடங்கினால் நான் யார் என்று எழுத வேண்டும். ஏன் அவள் எழுதவில்லை என்று எழுத வேண்டும். அந்த வரியை எழுதாமல் இருக்கத்தான் இவ்வளவும்.

கொஞ்ச நாளில் குருவி வந்தது.

'குருவி' என்பது அதன் கணக்கின் பெயர். படம் இல்லை. ஊர் இல்லை. கணக்கே புதிதாகத் தொடங்கியது. முதல் திருத்தம், சீட்டைக் கணினியில் நிறுவும் குறிப்பில் விட்டுப்போயிருந்த ஒரு படி. திருத்தம் ஒரே வரிதான், விளக்கம் பதினைந்து வரி. எந்தக் கணினியில் செய்து பார்த்தேன், எந்த வழியை முயன்று கைவிட்டேன், ஏன் இது என்றெல்லாம். கடைசியில், "உங்கள் நேரத்துக்கு நன்றி. அவசரமில்லை. வேண்டாமென்றால் தயங்காமல் திருப்பிவிடுங்கள்."

யாரும் இப்படி எழுதுவதில்லை. பாதிப் பேர் வணக்கம்கூடச் சொல்வதில்லை. 'அதிவிநயம் தூர்த்த லட்சணம்' என்பார்கள், மிதமிஞ்சிய பணிவு அயோக்கியனின் அடையாளம் என்று. திருத்தத்தை மூன்று முறை படித்தேன். தப்பு எதுவும் இல்லை. "சரி" என்று எழுதிச் சேர்த்தேன்.

திட்டத்தின் முகப்பில் 'அனுப்பும் முன்' என்று அவள் ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தாள். அதைத் திரும்ப எடுத்துப் படித்தேன்.

"ஒரு திருத்தம், ஒரு காரணம். இரண்டு காரியத்தை ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். பெரிதாக எதையாவது மாற்றுவதானால் முதலில் கேளுங்கள். எழுதி முடித்துவிட்டுக் கேட்டால் எனக்கு மறுக்க மனசு வராது, பிறகு இருவருக்கும் கஷ்டம். எதை முயன்று கைவிட்டீர்கள் என்பதையும் சொல்லுங்கள், அடுத்தவர் அதே குழியில் விழாமல் இருக்க. நான் திருப்பி அனுப்பினால் திரும்புவது உங்கள் நிரல்தான், நீங்கள் இல்லை."

குருவி இந்தப் பக்கத்தை மனப்பாடம் செய்திருந்தது. பரீட்சைக்குப் படித்தவன் மாதிரி ஒவ்வொரு வரிக்கும் ஒரு பதில் வைத்திருந்தது. அவள் கோட்டைச் சுவரில் எங்கெங்கே படி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்து ஏறுகிற மாதிரி எனக்குப் பட்டது.

இரண்டாவது திருத்தம் வந்தது. ஒரு பொத்தானின் பெயரும், எழுத்தின் அளவும். சின்ன விஷயம். சேர்த்தேன். "சரி."

*

என் மனைவியின் அண்ணன் பூட்டு சாவிக் கடை வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை அங்கே போவேன். அவர் சாவி வெட்டுவார், நான் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். மெஷின் சத்தத்தில் பேச வேண்டியதில்லை. அன்றைக்கு மெஷினை நிறுத்திவிட்டார்.

"என்ன மாப்ளே, மூஞ்சியில பூட்டு தொங்குது?"

குருவியைப் பற்றிச் சொன்னேன்.

"யாரு அவன்?"

"தெரியல மச்சான்."

"தெரியாதவன் எதுக்கு உனக்கு ஓசியில வேல பாக்கறான்?"

"எல்லாருமே ஓசியிலதான் பாப்பாங்க. அது அப்படித்தான்."

"என் தங்கச்சி பாத்தா. அவளுக்குக் கிறுக்கு. ஊருக்கே கிறுக்கா?" வெட்டிய சாவியை ஊதினார். பித்தளைத் தூள் என் பேன்ட்டில் விழுந்தது. "ஆள் எப்படிப் பேசறான்? நைசா?"

"ரொம்ப."

"போச்சு. இங்க வர்றாங்க பாரு, வீட்டுச் சாவி தொலஞ்சிடுச்சு, வந்து தெறந்து குடுங்கன்னு. நெசமாத் தொலச்சவன் எரிஞ்சு விழுவான். பொண்டாட்டி வெயில்ல நிக்கறால்ல. திருட்டுப்பய மட்டுந்தான் 'மெதுவா வாங்கண்ணே, அவசரமில்ல'ம்பான்."

குருவியும் அவசரமில்லை என்றுதான் எழுதியிருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஷட்டரை இறக்கிவிட்டு என்னோடு கிளம்பியிருப்பார்.

"அவ சாமான் மாப்ளே அது" என்றார். "கண்டவன் கையில குடுத்துராத."

"குடுக்கல."

"குடுக்காம எவ்ளோ நாள் ஓட்டுவ?"

பேன்ட்டிலிருந்த தூளைத் தட்டினேன். இயங்குதளம் மாறும் தேதியை அறிவித்துவிட்டார்கள். அதற்குள் யாராவது அச்சுப் பகுதியைத் திருத்தாவிட்டால் சீட்டு நின்றுபோகும். திருத்தத் தெரிந்த ஒரே ஆள் குருவி மாதிரிதான் தெரிந்தது. தப்பான ஆளை உள்ளே விட்டால், எங்கோ ஒரு கவுண்டரில் யாரோ ஒரு நோயாளிக்குத் தப்பான லேபிள் போகும். அதன் அடியில் அவள் பெயர் இருக்கும்.

*

'நேரமில்லை' என்று இன்னொரு கணக்கு. ஒரு மருந்துக் கடைக்காரர். அவர் பொதுவில் எழுதினார்:

"என்னதான் நடக்குது இங்க? லேபிள்ல ஒரு வரி கூடினா அச்சே வரமாட்டேங்குது. கூட்டம் நிக்குது, என் மானம் போகுது. அந்தத் தடையை எடுத்துத் தொலைங்க. முடியலன்னா முடிஞ்சவங்ககிட்ட குடுங்க. குருவி நல்லாத்தானே செய்றாரு?"

அவர் சொன்ன தடை அவள் வேண்டுமென்றே வைத்தது. லேபிள் சின்னது. எழுத வேண்டியது அதில் அடங்காவிட்டால் மற்ற மென்பொருள்கள் அடங்கியதை மட்டும் அச்சடித்துவிட்டு மீதியை வெட்டிவிடும். 'தினம் இரண்டு மாத்திரை, மூன்று நாளுக்கு மட்டும்' என்பதில் பின்பாதி போய்விட்டால், வாங்கிப் போனவர் தினம் இரண்டு என்று மாதம் முழுக்கச் சாப்பிடுவார். அதனால் சீட்டு வெட்டாது. நின்றுவிடும். சுருக்கி எழுது என்று கேட்கும். கடைக்காரர்கள் எல்லாரும் திட்டினார்கள். அவள் எடுக்கவில்லை.

நேரமில்லையின் செய்தியைப் படித்ததும் எனக்கு ஒரு படம் தெளிவாகத் தெரிந்தது. ஒருவர் பிள்ளையைக் கிள்ளுகிறார், ஒருவர் தொட்டிலை ஆட்டுகிறார். இருவரும் ஒரே ஆளாகக்கூட இருக்கலாம். இப்படித்தான் நடக்கும் என்று எங்கள் தொழிலில் பேசிக்கொள்வார்கள். கள்ள நிரலை நுழைக்க நினைப்பவர்கள், களைத்துப்போன ஒருவர் தனியாகக் காக்கும் திட்டமாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். ஒரு கணக்கிலிருந்து நச்சரிப்பு, இன்னொன்றிலிருந்து உதவி. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழும். கடைசியில் ஆட்டுப்பட்டியின் சாவியை ஆடே கொண்டுபோய்க் கொடுக்கும்.

மறுநாள் குருவி எழுதியது: "அச்சுப் பகுதியைப் புது இயங்குதளத்துக்கு மாற்ற ஒரு யோசனை இருக்கிறது. பெரிய மாற்றம். எழுதும் முன் கேட்கிறேன். எழுதலாமா?"

எழுதச் சொன்னேன். வேறு வழி இல்லை.

வந்தது. சுத்தமான வேலை. ஒவ்வொரு மாற்றமும் தனித்தனியாக, எதற்கு என்று குறிப்போடு. ஒரு கோப்பு மட்டும் வெறும் எண்கள். படித்துப் புரிந்துகொள்ளும் வகையில் இல்லை. நான் கேட்பதற்கு முன்பே அடியில் விளக்கம் இருந்தது: இது அச்சு இயந்திரக் கம்பெனி கொடுத்த எழுத்து அளவு அட்டவணை, இன்ன இடத்தில் கிடைக்கும், நீங்களே இறக்கி ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

மடியில் கனமில்லாதவன் எதற்கு வழியெல்லாம் விளக்கம் சொல்லிக்கொண்டு வருகிறான்?

இறக்கி ஒப்பிட்டேன். ஒன்றாகத்தான் இருந்தது. அவளுடைய அலமாரியிலிருந்த இயந்திரங்களில் லேபிள் அச்சடித்துப் பார்த்தேன். எல்லாம் ஒழுங்காக வந்தன. அந்த ஒழுங்குதான் பிடிக்கவில்லை. மேசை முழுக்க லேபிள். 'உணவுக்குப் பின்.' 'உணவுக்குப் பின்.' 'உணவுக்குப் பின்.' பிறகு அவற்றைக் குப்பைப் பையில் போட்டேன்.

பொறி ஒன்று வைக்கலாம் என்று தோன்றியது. உள்ளே வரத் துடிக்கிறவன் சாவிக்காரன் எது சொன்னாலும் தலையாட்டுவான். அதனால் தப்பான ஒன்றைக் கேட்டேன். அவள் பெயரில் எழுதினேன்:

"நன்று. இதோடு அந்தத் தடையையும் எடுத்துவிடுங்கள். அடங்காததை வெட்டிவிட்டு அச்சடிக்கட்டும்."

சரி என்று சொன்னால் ஆள் யார் என்று தெரிந்துவிடும். கணக்கை அடைத்துவிட்டு மச்சானிடம் போய்ச் சொல்லலாம். அதற்குப் பிறகு என்ன செய்வது என்று யோசிக்கவில்லை.

இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு வந்தது.

"மன்னிக்கவும். அதை நான் செய்யமாட்டேன். அந்தத் தடை ஏன் இருக்கிறது என்று இந்தத் திட்டத்தில் எழுதியிருக்கிறது. மேலும் இது வேறு காரியம், இந்தத் திருத்தத்தில் சேராது. உங்களுக்கு அது அவசியம் என்றால் என் திருத்தம் முழுவதையும் நிராகரித்துவிடுங்கள். வருத்தப்படமாட்டேன்."

நான் நிம்மதி அடைந்திருக்க வேண்டும். கெட்டிக்காரத் திருடன் என்றுதான் நினைத்தேன்.

அன்று சாயங்காலம், ஆபீசிலிருந்து வரும் பஸ்ஸில், சீட்டின் பொதுப் பக்கத்தில் புதிதாக ஒரு செய்தி இருப்பதைப் போனில் பார்த்தேன். எழுதியது குருவி.

"எல்லாருக்கும் ஓர் எச்சரிக்கை. தவறாக இருந்தால் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்பேன். சீட்டைப் பராமரிப்பவரின் கணக்கு சில மாதங்களாக வேறு யார் கையிலோ இருக்கிறது என்று நினைக்கிறேன். பழைய பதில்களைப் படித்துப் பாருங்கள். அவர் ஒரே சொல்லில் பதில் போட்டதே இல்லை. ஏற்கும்போது ஒரு கேள்வியாவது கேட்பார், மறுக்கும்போது நன்றி சொல்லிவிட்டுத்தான் மறுப்பார். சந்தேகம் வந்ததால் இந்தக் கணக்கைத் தொடங்கினேன். வேண்டுமென்றே இரண்டு காரியத்தை ஒரே திருத்தத்தில் கட்டி அனுப்பினேன். அவராக இருந்தால் அன்றைக்கே திருப்பியிருப்பார். 'சரி' என்று சேர்க்கப்பட்டது. இப்போது தடையை எடுக்கச் சொல்கிறார்கள். அவர் ஒருநாளும் சொல்லமாட்டார். தெளிவாகும்வரை யாரும் புதுப்பிக்க வேண்டாம்."

பொத்தானின் பெயரும் எழுத்தின் அளவும். இரண்டு காரியம். நான் கவனிக்கவில்லை.

பஸ் என் நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டது. இறங்கித் திரும்ப நடந்தேன்.

*

மச்சான் வீட்டுக்கே வந்துவிட்டார். நான் படித்துக் காட்டியதைக் கேட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"அப்ப அவன் உன்னத் திருடன்னு நெனச்சிருக்கான்."

"ஆமா."

"நீ அவன நெனச்ச."

"ஆமா."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்ம்பாங்க. இங்க ரெண்டு பேய் ஒண்ணப் பாத்து ஒண்ணு அரண்டிருக்கு." சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "இப்ப என்ன பண்ணுவ?"

"சொல்லணும்."

"என்னன்னு?"

லேப்டாப்பை இழுத்து வைத்துக்கொண்டேன். அவர் எழுந்து போய் பால்கனியில் நின்றார். 'இறந்துவிட்டாள்' என்ற வார்த்தை அவருக்கும் வராது. 'அவ போனதுக்கு அப்புறம்' என்பார், 'அவ இருந்தப்ப' என்பார்.

என் பெயரில் கணக்கு தொடங்கினேன். எழுதினேன்: "அந்தக் கணக்குக்கு உரியவர் இறந்துவிட்டார். நான் அவருடைய கணவன். இத்தனை நாள் அவர் பெயரில் பதில் எழுதியது நான்தான். தடையை எடுக்கச் சொன்னது குருவியைச் சோதிக்க. தவறு. மன்னியுங்கள்."

இவ்வளவுதான் அது. எழுத ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

யாரும் நம்பவில்லை. ஏன் நம்ப வேண்டும்? அன்றைக்குத் தொடங்கிய கணக்கு. படம் இல்லை. ஊர் இல்லை. முதலில் பதில் போட்டவர் நேரமில்லை.

"மாட்டிக்கிட்டதும் செத்துட்டாங்கன்னு ஒரு கதையா? அந்தம்மாவ எத்தன தடவ திட்டியிருக்கேன், ஒரு தடவகூட கோவப்படல. அவங்க பேர வச்சு வெளையாடாதீங்க."

அவரைப் போய் ஓநாய் என்று நினைத்திருந்தேன். மச்சான் என் தோளுக்கு மேலாகப் படித்துவிட்டுக் கெட்ட வார்த்தை சொன்னார். பிறகு, "அவன் சொல்றதும் சரிதான்" என்றார்.

குருவி தனியாக எழுதினார். "வீடியோவில் பேசலாமா?"

*

சனிக்கிழமை மதியம். மச்சான் கேமராவில் படாதபடி கதவோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். ஆளை எடைபோடத் தன்னை விட்டால் யாருமில்லை என்றார்.

குருவியை இருபது வயதுப் பையன் என்று கற்பனை செய்திருந்தேன். திரையில் வந்தவருக்கு முன்வழுக்கை, கழுத்தில் ஆஸ்பத்திரி அடையாள அட்டை. பின்னால் பழைய கணினிகள் அடுக்கியிருந்தன. அவரும் என்னைப் பார்த்துத் திடுக்கிட்ட மாதிரி இருந்தது. அவர் யாரைக் கற்பனை செய்திருந்தாரோ.

"வணக்கம் சார். நான் ஆஸ்பத்திரில கம்ப்யூட்டர் செக்‌ஷன். முதல்ல ஆஸ்பத்திரி அக்கவுண்ட்லேர்ந்து நான்தான் எழுதினேன். 'பார்க்கிறேன்'னு போட்டீங்க."

"ஆமா."

"அந்த ஒத்த வார்த்தையிலதான் சார் எனக்குச் சந்தேகமே வந்துச்சு. மேடம்னா அந்தக் கேள்விக்கு ஒரு பக்கம் எழுதியிருப்பாங்க. எழுதிட்டு, நீங்க ட்ரை பண்றீங்களான்னு என் தலையிலயே கட்டியிருப்பாங்க."

கதவோரம் மச்சான் மூக்கால் சிரித்தார்.

"யாரு சார் அது?"

"அவ அண்ணன்."

மச்சான் வேறு வழியில்லாமல் தலையை நீட்டினார். "வணக்கம். பூட்டுக் கடை."

"வணக்கம்ணே." குருவி சட்டென்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தப்பா நெனைக்காதீங்க சார். இப்பகூட எனக்கு முழுசா நம்பிக்கை வரல. அண்ணன்னு யாரையும் உக்கார வச்சிரலாம்."

"பாத்தியா, வெவரமான ஆளு" என்றார் மச்சான் என்னிடம், பாராட்டாக.

"சர்டிஃபிகேட் அனுப்பவா?" என்றேன்.

"வேணாம் சார். அதெல்லாம் இப்ப யாரு வேணா அடிக்கலாம்." யோசித்தார். "மேடம் டெஸ்ட் பண்ற ப்ரிண்டரக் காட்ட முடியுமா?"

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய் அலமாரிக்கு எதிரே பிடித்தேன். மூன்று இயந்திரங்கள். நடுவில் இருப்பதற்கு மூடி நிற்காது. அவள் தன் ஹேர் க்ளிப்பைப் போட்டு அழுத்தி வைத்திருப்பாள். பழுப்பு நிறம், ஒரு பல் உடைந்தது. நான் அதை எடுக்கவில்லை. எடுத்தால் மூடி திறந்துகொள்ளும்.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. இணைப்புப் போய்விட்டதோ என்று திரையைத் திருப்பினேன். அவர் இருந்தார்.

"ஒரு தடவ ஆஸ்பத்திரி அக்கவுண்ட்லேர்ந்து நான் அனுப்பின திருத்தத்துக்கு நாலு நாள் கழிச்சுப் பதில் போட்டாங்க" என்றார். "லேட்டுக்கு மன்னிச்சிருங்க, என் க்ளிப்ப என் வீட்டுக்காரர் எங்கயோ வச்சிட்டாரு, அது இல்லாம ப்ரிண்டர் ஓடாதுன்னு. எனக்கு அப்பப் புரியல சார். ஜோக்குன்னு நெனச்சேன்."

"சோபாவுக்கு அடியில கெடந்துச்சு" என்றேன்.

"அப்படியா."

அவர் ஆஸ்பத்திரியில் யாரையோ அழைக்கும் ஒலிபெருக்கிச் சத்தம் கேட்டது.

"ரொம்ப வருத்தமா இருக்கு சார். அவங்கள நான் பாத்ததே இல்ல. ஆனா எனக்கு ஒழுங்கா வேல அனுப்பக் கத்துக்குடுத்தது அவங்க திருப்பி அனுப்பினதுதான். மொதத் திருத்தம் மூணு தடவ திரும்பி வந்துச்சு. மூணாவது தடவ எனக்கு அழுகையே வந்துருச்சு. அடியில எழுதியிருந்தாங்க, 'இன்னும் ஒரே ஒரு தடவ, ஓடிப்போயிராதீங்க'ன்னு."

எனக்கு அது தெரியாது. பக்கத்து அறையில் உட்கார்ந்து அதை அவள் எழுதியிருப்பாள்.

"சரி சார், ஒண்ணு கேக்கணும். நாளைக்கு நாம ரெண்டு பேரும் சேந்து பொதுவுல சொல்லணும். நான் போட்ட எச்சரிக்கையால பாதிப் பேரு பயந்து கெடக்காங்க. தேதி நெருங்குது." தயங்கினார். "சீட்டு பத்தி மேடம் ஏதாவது சொல்லிட்டுப் போனாங்களா? யாரு பாத்துக்கணும்னு? அவங்க வாயால ஒரு வார்த்தை இருந்தா எல்லாரும் வாய மூடிருவாங்க."

கதவோரத்தில் மச்சான் எனக்குச் சைகை காட்டினார். சொல்லு, சொல்லு. அவர் கணக்கில் குருவி பாஸாகிவிட்டார். குருவியிடம் கொடு என்று அவள் சொன்னதாக ஒரு வரி. யாருக்கு நஷ்டம்? நேரமில்லைகூட அடங்கிவிடுவார். மருந்து கவுண்டர்களில் லேபிள் வந்துகொண்டிருக்கும். அவள் இருந்திருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பாள் என்றும் தோன்றியது.

அவள் பெயரில் போதுமான அளவு பேசியாகிவிட்டது.

"இல்ல" என்றேன். "எதுவும் சொல்லல."

மச்சான் தலையில் அடித்துக்கொண்டார்.

குருவி மெதுவாகத் தலையாட்டினார். "அப்ப அப்படியே எழுதிருவோம் சார். அவங்க எதுவும் சொல்லல, நாம ரெண்டு பேரும் முடிவு பண்ணினோம்னு. திட்டுறவங்க திட்டட்டும். ஒண்ணே ஒண்ணு. சாவிய என்கிட்ட மட்டும் குடுக்காதீங்க. நான் அனுப்புறத நீங்க பாத்துச் சேருங்க. நீங்க எதாவது மாத்தினா நான் பாத்துச் சேக்கறேன். ரெண்டு பேரும் பாக்காம எதுவும் உள்ள போக வேணாம்."

"எனக்கு அச்சுப் பகுதி தெரியாது."

"தெரியலன்னா கேளுங்க. ஒத்த வார்த்தையில 'சரி' மட்டும் போடாதீங்க சார், கும்பிட்டுக் கேக்கறேன்."

"சரி" என்றேன். மூவரும் சிரித்தோம். வீட்டில் அந்தச் சத்தம் விநோதமாக இருந்தது.

நான் அவரை முழுவதும் நம்பிவிடவில்லை. அவரும் என்னை நம்பியிருக்கமாட்டார். அடுத்த திருத்தத்தை இருவருமே வரிக்கு வரி படிப்போம். வேலைக்கு அது போதும்.

அழைப்பை முடிக்கப் போனேன். அவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

"சார், கடைசியா என்னதான் பேசினாங்க? எழுதறதுக்காக இல்ல. சும்மா, எனக்காக."

மச்சானும் என்னைப் பார்த்தார். அவர் இதுவரை கேட்டதில்லை. வந்தவர்கள் நிறையப் பேர் கேட்டார்கள். எதையோ சொல்லி அனுப்பினேன்.

சொன்னேன். ஸ்கேன் எடுக்கக் கொண்டுபோக ஸ்ட்ரெச்சர் வந்திருந்தது. ஊழியர் பக்கக் கம்பியைத் தூக்கி மாட்டிக்கொண்டிருந்தார். நான் கேன்டீனுக்குப் போய்விட்டு வந்ததாக அவளிடம் சொன்னேன். சாப்பிட்டேன் என்றேன். அவள் கண்ணைத் திறந்து என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"சாப்டியா, இல்ல சாப்டேன்னு சொல்றியா?"